ஏரிப் பாதையின் மதிய ஷிப்ட்

நாய் குந்தும்போதெல்லாம் எவால்ட் ஏரியைப் பார்ப்பான்.

அன்றும் அப்படித்தான். ஜூன் மாதக் காலை, மணி ஏழு. பாதை வளைந்து மரப்பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் நாய் மூன்று சுற்றுச் சுற்றி, முதுகை வளைத்து, நடுப்பாதையில் குந்தியது. எவால்ட் வாரைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை உற்றுப் பார்த்தான். வேலை முடிந்ததும் நாய் பின்னங்காலால் மண்ணைக் கீறிவிட்டு இழுத்தது. அவனும் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது கிடக்காது என்பது அவன் எண்ணம்.

"ஐயா."

பூங்காவில் வேலை பார்க்கும் போஷேனா. குப்பைத்தொட்டிக்குப் புதுப் பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பை அந்தக் கம்பத்துலயே தொங்குது. இழுத்தா வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"இருபத்தொம்போது வருஷம் மண்ணுக்குக் கீழ முதுகு நிமிராம நிலக்கரி வெட்டினவன்மா நான். வேலையை விட்ட அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே எதுக்கும் குனியறதில்லன்னு. நாய்ப் பீக்கா குனிவேன்?"

"அப்ப நான் குனியணும்."

"அது உன் வேலை."

"என் வேலை புல்லு வெட்டுறது, தொட்டி மாத்துறது. உங்க நாய் வயித்துக்குச் சேர்த்து என்னைய வேலைக்கு வெக்கல. அந்தப் பக்கம் இன்னும் ஆறு எடத்துல கிடக்கு. எல்லாம் உங்கள மாதிரி ஏரிய ரசிக்கிறவங்க உபயம்."

எவால்ட் சிரித்தான். "நல்ல வாய் உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வடக்குக் கரைக்குப் போனாள். அத்தனை பெரிய பூங்காவுக்கு அவள் ஒருத்திதான்.

போலந்தின் சுரங்க நாடான சிலேசியாவில் இந்த மாதிரி ஏரிகள் நிறைய. ஆண்டவன் வெட்டியவை அல்ல. நிலக்கரியை எடுத்து முடித்த சுரங்கத்தின் காலி வயிற்றை மணல் போட்டு நிரப்புவார்கள். அந்த மணலைத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று ஏரியானது. சுரங்கத்தை மூடிய பிறகு நகராட்சி கரையைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டருக்குப் பாதை போட்டது. ஒரு படி கிடையாது, ஒரு மேடு கிடையாது. மற்றப் பூங்காக்களில் நாயைக் கண்டால் துரத்துவார்கள். இங்கே நாய்க்கும் இடம் உண்டு.

எவால்டுக்கு இந்தப் பாதை ஆடம்பரம் இல்லை. அவன் நுரையீரலில் பாதி நிலக்கரித் தூசி. தினமும் ஒரு மணி நேரம் சமதரையில் நட, நடக்காவிட்டால் குளிர்காலத்துக்குள் மூக்கில் குழாய் மாட்டிப் படுத்திருப்பாய் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஊர்த் தெருக்கள் எல்லாம் ஏற்றம் இறக்கம். நாயைக் கொண்டுபோகக்கூடிய சமதரை இது ஒன்றுதான். நாய் இல்லாமல் அவன் நடக்கமாட்டான். வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைத்தான் பார்ப்பான். நாய்க்கு ஷ்டிகார் என்று பேர் வைத்திருந்தான். சுரங்கத்தில் கண்காணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எத்தன வருஷம் அவன் என்னைய அதட்டினான். இப்ப நான் சொல்றேன், ஷ்டிகார், உக்காருன்னு. உக்காருது பாரு" என்பான்.

ஊரில் அவனைப் போல இருநூறு பேர் இருப்பார்கள். ஓய்வு பெற்ற சுரங்கக்காரன் என்றால் பேக்கரி வரிசையில் கூட வழிவிடுவார்கள். டிசம்பரில் சுரங்கக்காரர் விழாவில் கறுப்புச் சீருடையும் இறகுத் தொப்பியுமாக நடந்துவருவதைப் பார்க்கத் தெரு முழுவதும் நிற்கும். அவனிடம் போய், குனிந்து பொறுக்கு என்று யார் சொல்வது? போஷேனாவைத் தவிர யாரும் சொல்லவில்லை.

அன்று பூங்கா வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பாதையின் அசுத்தம் குறித்துப் புகார் மனு வந்திருப்பதால், ஜூலை முதல் தேதியிலிருந்து பூங்காவுக்குள் நாய்களைத் தடை செய்ய நகராட்சி யோசிக்கிறது. கருத்துச் சொல்ல விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலை தீயணைப்பு நிலையக் கூடத்துக்கு வரலாம். கீழே மனுவின் நகல். நாற்பது ஐம்பது கையெழுத்து. முதல் பெயர் அலோய்ஸ் கோவோல்.

எவால்ட் அதை இரண்டு முறை படித்தான்.

"அலோய்ஸா?" என்றாள் அவன் பெண்டாட்டி ட்ரூடா. காளான் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நம்ம அலோய்ஸா?"

"வேற எந்த அலோய்ஸ் இருக்கான்?"

"எங்க இருக்கான் இப்ப?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆமாய்யா, உனக்கு எப்படித் தெரியும். கூடப் பொறந்தவன் மாதிரி பதினஞ்சு வருஷம் ஒரே கூண்டுல சுரங்கத்துக்குள்ள எறங்கினவன். உனக்கு எப்படித் தெரியும்."

எவால்ட் தட்டைத் தள்ளிவிட்டான். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எரிந்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கூரைக் கல் சரிந்து அலோய்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டான். ஒன்பது மணி நேரம் கையால் தோண்டி எடுத்தவர்களில் எவால்ட் ஒருவன். உயிர் இருந்தது. முதுகெலும்பு போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தான். மூன்றாவது தடவை ஆரஞ்சுப் பையோடு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டான். படுத்தே இருக்கப்போகிறவனிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பிறகு போகாததே வெட்கமாகி, அந்த வெட்கத்தினாலேயே போகவில்லை. இப்படித்தான் ஊரில் பல நட்புகள் முடிகின்றன. சண்டை போட்டுப் பிரிந்தவை குறைவு.

"தோண்டி எடுத்தவன் நான்" என்றான் எவால்ட். "நான் நடக்குற ஒரே எடத்துலருந்து என்னையத் தொரத்துறான். கேக்குறேன் அவன."

அடுத்த நாளும் வழக்கம்போல ஏழு மணிக்கு ஒரு சுற்றுப் போனான். வழக்கம்போலவே ஏரியைப் பார்த்தான். போஷேனாவிடம் அலோய்ஸைப் பற்றி விசாரித்ததில், அந்தச் சக்கர நாற்காலிக்காரர் தினமும் மதியம் இரண்டு மணிக்கு வருவார் என்றாள். இரண்டு மணிக்கு நாயையும் பிடித்துக்கொண்டு திரும்பவும் வந்தான். பேசவேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். நன்றி கெட்டவன் என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது.

மரப்பாலத்து வளைவில் நாய் நின்று மோந்தது. தன் சரக்கு அதற்குத் தெரியாதா. எவால்டும் இந்தத் தடவை தரையைப் பார்த்தான். காலையில் அது விட்டது நசுங்கிக் கிடந்தது. அதன் நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சக்கரம் ஏறிப் போன தடம். தடம் அங்கே முடியவில்லை. இரண்டு எட்டுத் தள்ளிப் பாதையில் ஒரு பழுப்பு முத்திரை. அடுத்த இரண்டு எட்டில் இன்னொன்று. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பதித்துக்கொண்டே போயிருந்தது.

எவால்ட் அந்த முத்திரைகளை ஒட்டியே நடந்தான். அவை நாணல் திட்டைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, வரவர மங்கிக்கொண்டே போய், தண்ணீரோரமாக ஒரு சக்கர நாற்காலியில் போய் முடிந்தன.

அலோய்ஸ் தலை முழுக்க நரைத்திருந்தான். தோள் மட்டும் பழையபடி அகலம். மடியில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம். ஒரு கையால் காகிதத்தைச் சுருட்டிப் பாட்டில் தண்ணீரில் நனைத்து இன்னொரு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு தோல் கையுறை புல்லில் கிடந்தது.

"அலோய்ஸ்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எவால்டா? அட. இன்னும் சாகலையா நீ?"

"பாதி செத்தாச்சு. மூச்ச கேட்டா தெரியும்."

"கேக்குது. பழைய பம்பு மாதிரி இருக்கு. கை குடுக்கலைன்னு நெனச்சுக்காத. இந்தக் கையத் தொட்டா நீயும் கழுவணும்."

ஓட்டிப் பார்த்து வந்த பேச்சில் முதல் வரி எவால்டுக்கு நினைவு வரவில்லை. "அந்த மனுவுல மொத கையெழுத்து..." என்று எப்படியோ ஆரம்பித்தான்.

"நான்தான். போன குளிர்காலத்துலதான் அக்கா கூட இங்க கீழ் வீட்டுக்கு வந்தேன். அதுக்கு முன்ன எங்க இருந்தேன் தெரியுமா? மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. பதினேழு வருஷம் எதுத்த வீட்டுக் கூரையில புறா உக்கார்றதப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு புறாவுக்கும் பேர் வெச்சுட்டேன், அவ்ளோ வேலை எனக்கு. இங்க வந்தா படி இல்லாத பாதை. நானே தள்ளிக்கிட்டு, யாரையும் கூப்பிடாம, முழுச் சுத்து. மொத நாள் சுத்தினப்ப அழுதேன்டா. சொன்னா சிரிப்ப."

"சிரிக்கல."

"அப்புறம் இது." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ரேகைகளுக்குள் பழுப்பு இன்னும் இருந்தது. "நீ மிதிச்சா புல்லுல தேச்சுட்டுப் போயிடுவ. எனக்குச் சக்கரம்தான் காலு. அதக் கையாலதான் தள்ளணும். நான் மிதிச்சா கையில வரும். கையுறை போட்டாலும் மணிக்கட்டுல வரும், சட்டைக் கையில வரும். பல நாள் வீட்டு வாசல்ல அக்கா வாளியோட நிப்பா. அம்பது வயசுல விதவையாகி வந்தவ, எனக்குப் பீ கழுவுறா. இந்த ரொட்டியத் திங்கலாம்னு வந்தேன். எந்தக் கையால திங்க?"

 நாய் அலோய்ஸின் அசையாத காலை மோந்துவிட்டு, அவன் மடியில் தாடையை வைத்தது.

"நாய் மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான் அலோய்ஸ், சுத்தமான கையால் அதன் காதைச் சொறிந்தபடி. "நாய்க்குச் சொன்னாப் புரியாது. நாய்க்காரனுக்குச் சொன்னேன், எழுதி ஒட்டி வெச்சேன், போஷேனாவும் கத்துறா. யாரும் கேக்கல. அதான் மொத்தமா நிறுத்திடுங்கன்னு எழுதினேன். எல்லாம் நம்மாளுங்கதான் எவால்ட், அதான் எனக்கு வயித்தெரிச்சல். சுரங்கக்காரனுங்க. கீழ இப்படிச் செஞ்சோமா? அடுத்த ஷிப்டுக்காரன் வர்ற எடத்துல ஒரு கல்லு விட்டுட்டுக் கூண்டு ஏறினோமா? நீ ஷிப்ட் முடிஞ்சும் பத்து நிமிஷம் நின்னு வாரிட்டு வருவ. மதிய ஷிப்ட் பசங்க சொல்லுவானுங்க, எவால்ட் விட்ட எடம்னா கண்ண மூடிக்கிட்டு எறங்கலாம்னு. காலையில இங்க நாயக் கூட்டிக்கிட்டு வர்றவன் எவன்னு எனக்குத் தெரியாது. உன்ன மாதிரி ஒருத்தன் இருந்தா நான் ஏன் மனு எழுதுறேன்?"

வையாமல் பாராட்டினான். அதுதான் தாங்கமுடியவில்லை. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அலோய்ஸுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. எவால்டும் அதை ஒரு நிமிஷம் யோசித்தான். நல்ல மனுஷன் என்ற பேரை இனாமாகக் கொடுத்தால் யாருக்குத்தான் திருப்பித் தர மனசு வரும்.

"அலோய்ஸ், அது இந்த நாய்."

"எது?"

"உன் கையில இருக்கறது. காலையில ஏழு மணிக்கு, பாலத்து வளைவுல. நேத்தும் இதுதான். ஏப்ரல்லருந்து இதுதான்."

அலோய்ஸ் நாயின் காதிலிருந்து கையை எடுத்தான். ஏரியில் ஓர் அன்னம் சிறகை உதறிவிட்டுப் போயிற்று. அவன் மூக்கால் ஒரு தடவை சிரித்தான். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"ஒம்போது மணி நேரம் தோண்டி என்னைய வெளிய எடுத்தியே. இதுக்குத்தானா?"

எவால்ட் வாரை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டினான். பாட்டிலை வாங்கினான். காகிதத்தை வாங்கினான். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முட்டியைப் பிடித்து, இன்னொரு முட்டியை மடக்கி, மெதுவாகக் குனிந்தான். சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தான். கம்பிக்குள் விரலை விட்டுச் சுரண்டினான். பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது. தரையில் கையூன்றி நாலைந்து நிமிஷம் இருமினான். அலோய்ஸ் போதும் என்று சொல்லவில்லை. இருமல் நிற்கும்வரை காத்திருந்து, "அந்தப் பக்கச் சக்கரமும் இருக்கு" என்றான்.

மறுநாள் காலை வளைவில் நாய் குந்தியபோது எவால்ட் கம்பத்திலிருந்து பையை இழுத்தான். பையைத் தரையில் விரித்து, ஒரு குச்சியால் உள்ளே தள்ளப் பார்த்தான். பாதி உள்ளே போனது. பாதி செருப்பில் ஆயிற்று. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த போஷேனா கிட்டே வந்தாள்.

"பைக்குள்ள கைய விடுங்க ஐயா. கையுறை மாதிரி. அப்படியே எடுத்துட்டுப் பையப் பெரட்டி முடிச்சுப் போடுங்க. அவ்ளோதான்."

"இவ்ளோ சுலபமா?"

"மூணு மாசமா அதத்தான சொல்றேன்."

அவன் முடிச்சுப் போட்டுத் தொட்டியில் எறிந்தான். மொத்தம் அரை நிமிஷம் ஆகியிருக்காது.

வெள்ளிக்கிழமை கூடத்தில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். நாய்க்காரர்கள் ஒரு பக்கம், குழந்தை வண்டிக்காரர்களும் மற்றவர்களும் இன்னொரு பக்கம், கல்யாண வீடு மாதிரி. அலோய்ஸ் முன்வரிசை ஓரத்தில் இருந்தான். நகராட்சி அம்மாள் அறிவிப்பைப் படித்து முடிப்பதற்குள் நாய்க்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். எங்கள் உழைப்பில் கட்டிய ஊர், எங்கள் பாதை, குழந்தைகள் போடும் ஐஸ்கிரீம் காகிதத்தை யார் பொறுக்குவது என்று ஆளுக்கு ஒன்று. பாண்டு வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதும் எர்வின்தான் அதிகம் கத்தினான்.

எவால்ட் எழுந்தான். அவன் தங்கள் பக்கம் பேசப்போகிறான் என்று கைதட்டினார்கள்.

"என் நாய் மூணு மாசமா நடுப்பாதையில வெளிக்கு இருக்குது. நான் ஏரியப் பாத்துக்கிட்டு நிப்பேன். நீயும் பாப்ப எர்வின், நான் பாத்திருக்கேன். நல்ல ஏரிதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எர்வின் முகம் சிவந்தது.

"என்னடா, உனக்குத் துடைப்பம் குடுத்துட்டாங்களா? நாம என்ன தோட்டியா?"

"இரு, மூச்சு வாங்குது." எவால்ட் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "நாம யாருன்னு சொல்றேன். கீழ இருந்தப்ப நமக்குப் பின்னால மதிய ஷிப்ட் வரும்னு தெரியும். அதனால சுத்தமா விட்டுட்டு வந்தோம். யாரும் சொல்லி இல்ல. விடலைன்னா ஒருத்தன் சாவான். மேல வந்ததும் நம்ம ஷிப்டுதான் கடைசின்னு நெனச்சுக்கிட்டோம். நமக்குப் பின்னாலயும் ஆள் வருது. ரெண்டு மணிக்கு வருது. கால்ல வரல, கையால தள்ளிக்கிட்டு வருது. நான் காலையில போட்டது மதியம் அவன் கையில இருந்துச்சு. கண்ணால பாத்தேன். இந்தப் பாதை போனா குளிர்காலத்துல நான் படுத்துருவேன், டாக்டர் சொல்லிட்டார். அதனால நாய விடுங்கன்னு கெஞ்சத்தான் வந்திருக்கேன். ஆனா அதக் கேக்கறதுக்கு மொதல்ல எனக்கு யோக்கியதை வேணும். பொது எடம்னா என்ன? நமக்குப் பின்னால வர்றவனுக்கும் அது சொந்தம்னு அர்த்தம். குனியறது கேவலம் இல்ல எர்வின். நம்ம அசிங்கத்த இன்னொருத்தன் கையில ஏத்திவிட்டுட்டு நாம நிமிர்ந்து நடக்கறோம் பாரு, அதான் கேவலம்."

உட்கார்ந்தான். கைதட்டல் இல்லை. நாய்க்காரர்கள் பலர் தரையைப் பார்த்தார்கள்.

நகராட்சி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அலோய்ஸைக் கேட்டாள். "மனு உங்களது. திரும்ப வாங்கிக்கிறீங்களா?"

"மாட்டேன்" என்றான் அலோய்ஸ்.

கூடம் சலசலத்தது. அவன் சக்கரத்தைப் பாதி திருப்பி எல்லோரையும் பார்த்தான்.

"செப்டம்பர் வரைக்கும் பாக்கலாம்னு எழுதிக்குங்கம்மா. அதுவரைக்கும் நாய் வரட்டும். கையெழுத்து அப்படியே இருக்கட்டும். இவன் பேசினது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நல்ல பேச்சு கேட்டு என் கை சுத்தமாகாது. தினமும் காலையில ஒவ்வொருத்தனும் அரை நிமிஷம் குனிஞ்சாத்தான் ஆகும்."